நூத்து நாப்பத்தி மூணாவது கட்டம்

போலீஸ் தலைமை ஆபீஸ் மூணாவது மாடியில, லிஃப்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு நீட்டு ரூம் இருக்கு. அதுல ஒரு சுவர் முழுக்க நகரத்தோட மேப். குறுக்கயும் நெடுக்கயும் கோடு போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு இருநூறு கட்டமா பிரிச்சு வெச்சிருக்காங்க. மேப்புக்குக் கீழ ஒரு மர ஸ்டூல். அதுக்கு ஒரு கால் குட்டை. அந்த ஸ்டூல் மேல ஏறி விழாம நிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நம்ம குண்டூசி அக்காதான்.

விளையாட்டுக்குச் சொல்லல. அந்த ஒரு தகுதிக்குத்தான் அவங்களுக்கு இந்த வேலையே கிடைச்சுது. டைப்பிஸ்டா சேர்ந்தவங்க. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி, மேப்புல ஊசி குத்திட்டிருந்த கிளார்க் ஸ்டூலோட கவுந்து கைய ஒடிச்சுக்கிட்டார். அடுத்து வந்தவர் ஏறின வேகத்துல இறங்கி, தலை சுத்துதுன்னு ரெண்டு மாசம் லீவு போட்டுட்டார். அன்னைக்கு ஏதோ ஃபைல் குடுக்க வந்த இவங்க, "தள்ளுங்க சார், ஒரு ஊசி குத்தறதுக்கு இவ்ளோ பாடா?"ன்னு ஏறி, நல்ல கால் பக்கமா பாரத்தப் போட்டு, டக்குனு குத்திட்டு இறங்கினாங்க. பொறியில மாட்டின கதைதான். அதுக்கப்புறம் அவங்களுக்கு டைப்ரைட்டர் பக்கம் போகவே வழியில்லாமப் போச்சு.

வேலை இவ்ளோதான். ஊர்ல ஒரு கொலை விழுந்தா ஒரு ஃபாரம் வரும். அதுல ஒரு கட்ட நம்பர் இருக்கும். அந்தக் கட்டத்துல செவப்புக் கொண்டை வெச்ச குண்டூசி ஒண்ணு குத்தணும். மூணு வருஷத்து ஊசி மேப்புல நிக்கும், அதுக்கு முந்தினத எடுத்துடணும். அக்கா மட்டும் ஒரு வேலைய அதிகப்படியா செய்வாங்க. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. குத்தறதுக்கு முன்னாடி ஃபாரத்துல இருக்கற பேரை ஒரு தடவ வாய்விட்டு வாசிப்பாங்க. சத்தமா இல்ல, பக்கத்து சீட்டுக்காரங்களுக்குக் கேக்கற அளவுக்கு. "அவ்ளோ நாள் வாழ்ந்த மனுஷன். ஒரு தடவயாச்சும் கூப்புட வேண்டாமா"ன்னு கேப்பாங்க.

காலர்ல வரிசையா ஊசி குத்தி வெச்சுக்கறதால பஸ்ல பக்கத்துல யாரும் ஒட்டி உக்கார மாட்டாங்க. வீட்டுலயும் அதே நிலைமைதான். "சாப்பாட்டுல கல்லு வந்தா பரவால்ல, உன் ஊசி வராம பாத்துக்கோ"ன்னு அவங்க வீட்டுக்காரர் தட்ட ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டுத்தான் வாயில வெப்பார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில எமர்ஜென்சி கேட்டு வாட்ச்மேன். இருபத்தோரு வருஷமா ஒரே கேட்டு, ஒரே இரும்பு நாற்காலி. அந்த நாற்காலியில ஒரு பழைய மெத்தையக் கட்டி வெச்சிருப்பார் பாருங்க, அத யாராவது தொட்டா டாக்டரா இருந்தாலும் விட மாட்டார்.

கமிஷனருங்க வருவாங்க, போவாங்க. ஆளுக்கு ஒரு யோசனை. ஒருத்தர், "ஊசிக் கொண்டை ரொம்பப் பெருசா இருக்கும்மா, சின்னதா வாங்குங்க, ஊரு அமைதியாத் தெரியும்"னார். அடுத்தவர் மேப்புக்குத் திரை போட்டார். அதுக்கடுத்தவர் ஃபாரத்தப் பிடிச்சுக்கிட்டார். நாலு பக்க ஃபாரத்த ஒரு பக்கமாக்கணும், நல்ல யோசனை குடுக்கறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். அப்போதான் அக்கா எழுந்து, "சார், 'தாக்கப்பட்ட இடம்', 'இறந்த இடம்'னு எழுதறதுக்கு ரெண்டு காலம் இருக்கு. எனக்கு எதுக்கு ரெண்டு? நான் ஒரு ஊசிதானே குத்தறேன்? ஒண்ண எடுத்துடலாமே"ன்னாங்க.

கைதட்டு! தாக்கப்பட்ட இடம் ஃபாரத்துலருந்து போச்சு, இறந்த இடம் நின்னுது. அக்காவுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் ஒரு சுவர்க் கடிகாரமும் குடுத்தாங்க. கடிகாரத்துல மணிக்கு ஒரு தடவ ஒரு மரக்குருவி வெளிய வந்து, மணி எத்தனையோ அத்தனை தடவ கத்தும். அக்கா வாழ்க்கையிலயே வாங்கின ஒரே பரிசு அது. சர்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்துலயே மாட்டினாங்க. யார் வீட்டுக்கு வந்தாலும் மணி அடிக்கற வரைக்கும் உக்கார வெச்சுத்தான் அனுப்புவாங்க.

இது நடந்து மூணு வருஷம் ஆச்சு. அப்போதான் தேர்தல் வந்துது. புது மேயர் வந்தாங்க. ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தவங்க. மேடைக்கு மேடை அவங்க குடுத்த வாக்கு ஒண்ணே ஒண்ணு: "ஒரே வருஷத்துல கொலைய பாதியாக்கிக் காட்டறேன்." ஜெயிச்ச கையோட வெளியூர்லருந்து ஒரு கமிஷனரக் கொண்டு வந்தாங்க. ஆள் நல்ல உயரம். கையில எப்பவும் செவப்பு வெளிச்சம் அடிக்கற பென் டார்ச். முதல் நாளே மூணாவது மாடிக்கு வந்துட்டார்.

"திரைய எடுங்க!"

எடுத்தாங்க. மனுஷன் அப்படியே மலைச்சுப் போய் நின்னுட்டார். ஊர் முழுக்க அங்கொண்ணு இங்கொண்ணா ஊசி. ஆனா ஒரே ஒரு கட்டத்துல மட்டும், அடேயப்பா, முள்ளம்பன்றி படுத்திருக்கற மாதிரி நெருக்கமா எண்பத்தியோரு ஊசி. நூத்து நாப்பத்தி மூணாவது கட்டம்.

"இது என்ன இடம்?"

சூப்ரண்டு எட்டிப் பாத்தார். அக்காவோட செக்ஷனுக்கு அவர்தான் மேலதிகாரி. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்துச்சு, அந்த எட்டு மாசத்த ஆடாம அசையாமக் கடக்கறதுதான் அவரோட லட்சியம். "மேப்புல மைதானம்னு போட்டிருக்கு சார்."

மேப்பு பழசு. அந்த மைதானத்துல ஒரு பெரிய கட்டடம் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. அது சூப்ரண்டுக்குத் தோணல. அக்காவுக்காவது தோணியிருக்கணும்தானே? அவங்களுக்கு அது நூத்து நாப்பத்தி மூணு, அவ்ளோதான். வருஷக்கணக்கா நம்பரப் பாத்துக் குத்தின கைக்கு அந்த நம்பருக்குள்ள ஒரு தெரு இருக்கு, ஒரு கேட்டு இருக்குங்கறதே மறந்து போயிருந்துச்சு.

"மைதானம்! ராட்சசக் கூட்டமே அங்கதான் இருக்கு!" கமிஷனர் டார்ச்ச அந்தக் கட்டத்துல வட்டமா சுத்தினார். "இனிமே இதான் என் கொள்கை. ஊசி எங்கயோ, போலீஸ் அங்க. முக்குக்கு முக்கு சும்மா நடந்துட்டிருக்கற போலீஸ்காரங்கள எல்லாம் எடுங்க. இருபத்தி நாலு பேர இங்க கொண்டு போய் நிறுத்துங்க. இடம் ரகசியம். ரவுடிங்களுக்குத் தெரியக் கூடாது, பத்திரிகைக்குத் தெரியக் கூடாது. உத்தரவுல கட்ட நம்பர் மட்டும் போடுங்க. ஏன், எதுக்குன்னு எவனும் கேக்கக் கூடாது. அப்புறம், என் காலத்துக் கணக்குத் தனியாத் தெரியணும். இனிமே கறுப்புக் கொண்டை ஊசி."

அக்கா புது ஊசி டப்பா வாங்கினாங்க.

அடுத்த நாள் சாயங்காலம் வாட்ச்மேன் வீட்டுக்கு வந்தப்ப முகம் கடுகடுன்னு இருந்துச்சு.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"என் கேட்டுல இருபத்தி நாலு போலீஸ் வந்து நிக்குதும்மா. எதுக்குன்னு கேட்டா ரகசியமாம். எனக்கென்ன, நின்னுட்டுப் போகட்டும். ஆனா ஒருத்தன் என் நாற்காலியில உக்காந்துட்டான்!"

"யாராவது மந்திரி அட்மிட் ஆகியிருப்பாங்க."

"மந்திரி எவனாச்சும் நம்ம ஆஸ்பத்திரிக்கு வருவானா? உனக்கு விவரமே பத்தாது போ."

அக்காவும் விட்டுட்டாங்க. அவங்களுக்கு வேற கவலை. அவங்க தம்பி அஞ்சு முக்குல சாவிக்கடை வெச்சிருக்கார். அஞ்சு ரோடு சேர்ற இடம். வண்டி நிறுத்தற எடத்துக்கு ரெண்டு கோஷ்டி எப்பவும் முறைச்சுக்கிட்டே இருக்கும். முறைப்போட நின்னதுக்குக் காரணம் நடை ஏட்டு. ஒம்பது வருஷமா அந்த அஞ்சு ரோட்டையும் ஒரு நாளைக்குப் பதினோரு தடவ சுத்தற ஏட்டய்யா. லத்திய அவர் கையில எடுத்து யாரும் பாத்ததில்ல. சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டு இருக்கும். ரவுடிங்க லிஸ்டுன்னு எல்லாரும் நினைச்சாங்க. இல்ல. அது ரவுடிங்களோட அம்மாங்க லிஸ்டு. போன் நம்பரோட.

"டேய், கத்தியா அது? உள்ள வை. உங்கம்மா நேத்துதான் ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கு. இந்த நேரத்துல நான் போன் போட்டா நல்லாருக்குமா?"

அவ்ளோதான், கத்தி உள்ள போயிடும். கொலைக்கு அஞ்சாதவன்கூட அந்த நோட்டுக்கு அஞ்சுவான்.

இப்ப அந்த நடை ஏட்டும் இருபத்தி நாலு பேர்ல ஒருத்தரா எங்கயோ போயிட்டார். தம்பி போன்ல, "அக்கா, ஏட்டய்யா இல்லாம முக்கு முக்காவே இல்லக்கா. நேத்து என் கடை வாசல்லயே சோடா பாட்டில் பறக்குது"ன்னார்.

"நீ நடுவுல போகாதடா."

"நான் எங்க போறேன், என் கடைதான் நடுவுல இருக்கு."

ஒரு மாசம் ஆச்சு. ஆறு ஃபாரம் வந்துச்சு, ஆறுலயும் அதே நூத்து நாப்பத்தி மூணு. அக்கா ஆறு பேரையும் வாசிச்சு, ஆறு கறுப்பு ஊசி குத்தினாங்க. கமிஷனர் வந்து பாத்தார். பாத்தவர் முகம் ஊசிக் கொண்டை மாதிரியே கறுத்துப் போச்சு.

"இருபத்தி நாலு பேர் நிக்கறப்பவே ஆறா? எவ்ளோ நெஞ்சழுத்தம் இவனுங்களுக்கு! நாப்பத்தெட்டாக்கு!"

இன்னும் பல முக்குலருந்து ஆள எடுத்தாங்க. அடுத்த மாசம் எட்டு ஊசி. "எழுபத்திரண்டாக்கு!" இந்தத் தடவ முக்குல எடுக்க ஆளே இல்லாம, தலைமை ஆபீஸ் வாசல்ல பைய செக் பண்ற ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிட்டாங்க.

வாட்ச்மேன் வீட்டுல சாப்புடறதக் குறைச்சுட்டார். "எழுபத்திரண்டு பேரும்மா! கேன்டீன்ல எங்களுக்கு டீ கிடைக்கல. நோயாளி வந்தா வழி இல்ல. ஆம்புலன்ஸ்காரன் நேத்து என்கிட்ட கேக்கறான், உள்ள போறதுக்கு பாஸ்போர்ட் வேணுமான்னு. அதுல ஒரு ஏட்டு நல்ல மனுஷன், பாவம். உக்கார மாட்டேங்கறார். கேட்ட சுத்தி சுத்தி நடந்துட்டே இருக்கார். நடந்து நடந்து புல்லுல தடமே விழுந்துருச்சு."

பெரியவங்க யோசிச்சுத்தான் நிறுத்தியிருப்பாங்கன்னு அந்தக் கூட்டத்துக்குத் தலைவரா வந்த இன்ஸ்பெக்டர் நினைச்சுக்கிட்டார். இன்ஸ்பெக்டர் நினைச்சது சரியாத்தான் இருக்கும்னு மத்த எழுபத்தோரு பேரும் நினைச்சுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரி ஃபேனுக்குக் கீழ உக்காந்து யோசிக்கறப்ப யாருக்குமே சந்தேகம் வராது, அதான் ஃபேனோட குணம்.

மூணாவது மாசம் ஒரு மத்தியானம், அக்கா ஸ்டூல்ல நின்னு இருபத்தோராவது கறுப்பு ஊசியக் குத்திட்டு இறங்கினாங்க. போன் அடிச்சுது. வீட்டுக்காரர்.

"ஏம்மா, பதறாத. நம்ம சாவிக்கடை மாப்ளயக் கொண்டு வந்திருக்காங்க. கையில கத்திக்குத்து. உயிருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் கேட்டத் தொறந்து விட்டேன்."

பதறாதன்னு சொன்னா பதறாம இருக்க முடியுமா? காலர்ல ஊசியோடயே ஓடினாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல போலீஸ் கூட்டம் வழிய மறிச்சுது. தள்ளிக்கிட்டு உள்ள போனாங்க, ரெண்டு பேருக்கு ஊசி குத்திருச்சு, அது வேற விஷயம்.

தம்பி கட்டில்ல உக்காந்திருந்தார். இடது கையில பதினாலு தையல். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறார்.

"ஒண்ணுமில்லக்கா. பார்க்கிங் சண்டை. ஒருத்தன் கத்திய ஓங்கிட்டான். நான் சாவிப் பலகையத் தூக்கிக் காட்டினேன். பலகையில பட்டு வழுக்கி கையில இறங்கிருச்சு. பலகை இல்லைன்னா நேரா நெஞ்சுதான். நூத்தம்பது சாவி தரையில! எது எந்த வீட்டுதுன்னு இனி சாகற வரைக்கும் தெரியாது."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கிச் சட்டை குலுங்கிக்கிட்டு இருந்துச்சு. நடை ஏட்டு. அழறார். "குத்தினவனோட அம்மா நம்பர் என் பையில இருக்குதும்மா. இதோ, பதினேழாவது பக்கம். நான் அங்க இருந்திருந்தா ஒரு போன்தானே? என்னைய எதுக்கு இங்க நிறுத்தியிருக்காங்கன்னு மூணு மாசமா புரியலம்மா. சாகக் கிடக்கறவங்க வர்ற இடத்துல நான் என்னத்தப் பாதுகாக்க?"

அக்காவுக்கு அப்பதான் வெளிய ஒட்டியிருந்த காகிதம் ஞாபகம் வந்துது. ஓடி வர்ற வேகத்துல கண்ணுல பட்டும் மண்டையில ஏறல. திரும்பி வாசலுக்குப் போய்ப் பாத்தாங்க. போலீஸ் டெண்டு. டெண்டுத் துணியில ஒட்டியிருந்த டூட்டி லிஸ்டு. மேல பெருசா எழுதியிருக்கு: சிறப்புக் காவல், கட்டம் 143.

தலையில இடி விழுந்த மாதிரி ஆச்சு. சாகறவங்க இங்க வந்துதானே சாகறாங்க! குத்துப்பட்டவங்க ஊர்ல எந்த மூலையில விழுந்தாலும் இந்தக் கேட்டுக்குத்தான் தூக்கிட்டு வர்றாங்க. இறந்த இடம்: ஆஸ்பத்திரி. மூணு வருஷமா அவங்க கொலைகாரங்களத் தேடி ஊசி குத்தல, டாக்டருங்க கைய விரிச்ச இடத்தத்தான் குத்தியிருக்காங்க. அத நம்பி முக்குல நடக்கறவங்கள எல்லாம் இங்க இழுத்து, அங்க கத்தி விழ, விழுந்தவங்க இங்க வந்து சாக, மறுபடி இங்க ஊசி ஏற, மறுபடி அங்க ஆள் குறைய...

வாட்ச்மேன் பக்கத்துல வந்து நின்னார். அக்கா அவர் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தம்பி செத்திருந்தா அவன் பேரையும் நான்தாங்க வாசிச்சிருப்பேன். வாசிச்சிட்டு இங்கதான் குத்தியிருப்பேன். உங்க நாற்காலியில. அவனுக்காக இன்னும் இருபத்தி நாலு பேர் இங்க வந்திருப்பாங்க."

எப்பவும் ஏதாவது எடக்கா பேசற மனுஷன், தன் நாற்காலியில உக்காந்திருந்த போலீஸ்காரன எழுப்பி விட்டுட்டு, அக்காவ உக்கார வெச்சார். இருபத்தோரு வருஷத்துல முதல் தடவ.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா சூப்ரண்டுகிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. அவர் காதப் பொத்திக்கிட்டார்.

"நான் கேக்கல. நீ சொல்லல. எட்டு மாசம் இப்ப அஞ்சு மாசமாயிருக்கும்மா, என்னைய விட்டுரு. திங்கக்கிழமை மேயரே இந்த ரூமுக்கு வர்றாங்க. கமிஷனர் மேப்பக் காட்டி விளக்கப் போறார். அதுவுமில்லாம ஃபாரத்துல அந்தக் காலத்த எடுக்கச் சொன்னது யாரு? கடிகாரம் வாங்கினது யாரு? வேலை போகும்மா. பேசாம ஊசியக் குத்து."

"ஸ்டேஷன்லருந்து வந்த முழு ரிப்போர்ட் எல்லாம் கீழ ரெக்கார்டு ரூம்லதானே சார் இருக்கு? அதுல தாக்கின இடம் இருக்குமே?"

"சாவி என்கிட்ட இருக்கு. தர மாட்டேன்."

சாவி தர மாட்டேன்னு யார்கிட்ட சொல்றார் பாருங்க! ஞாயித்துக்கிழமை காலையில அக்கா, வாட்ச்மேன், கையில கட்டோட தம்பி, மூணு பேரும் தலைமை ஆபீஸுக்குப் போனாங்க. வாசல்ல யாரும் கேக்கல, கேக்கறவங்கதான் ஆஸ்பத்திரியில இருக்காங்களே. ரெக்கார்டு ரூம் பூட்டப் பாத்ததும் தம்பி சிரிச்சுட்டார்.

"இது நான் வித்த பூட்டுக்கா. மட்டமா கேட்டாங்க, மட்டமாவே குடுத்தேன். உன் காலர்லருந்து ஒரு ஊசி குடு."

அரை நிமிஷத்துல தொறந்துருச்சு.

அப்புறம் நாள் முழுக்க வேலை. தம்பி ஃபைல எடுத்துக் குடுக்க, வாட்ச்மேன் வாசிக்க, அக்கா ஸ்டூல்ல ஏறி ஏறி இறங்கினாங்க. நூத்து நாப்பத்தி மூணுலருந்து எண்பத்தியோரு செவப்பு, இருபத்தோரு கறுப்பு, மொத்தம் நூத்தி ரெண்டு ஊசி. ஒவ்வொண்ணா பிடுங்கி, அந்தந்த ஆள் கத்தி வாங்கின தெருவுல குத்தினாங்க. ஒவ்வொரு பேரையும் திரும்ப வாசிச்சாங்க. ஆரம்பத்துல வாட்ச்மேன், "ஏம்மா, வேகமா குத்து, பசிக்குது"ன்னார். முப்பதாவது பேருக்கு மேல அவரும் நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பிச்சுட்டார். சில பேரு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. "இந்தப் பையன் தண்ணி கேட்டாம்மா. குடுத்தேன்"னார். அப்புறம் பசின்னு சொல்லவே இல்ல.

சாயங்காலம் மூணு பேரும் தள்ளி நின்னு பாத்தாங்க. எண்பத்தியோரு செவப்பும் ஊரெல்லாம் பரவிக் கிடந்துச்சு, பெரும்பாலும் போலீஸ்காரங்க நடக்காத தெருக்கள்ல. கறுப்பு அப்படி இல்ல. ஆள எடுத்த முக்கு எதுவோ, அனேகமா அங்கங்கதான் கறுப்பு. அஞ்சு முக்குல ஒம்பது வருஷமா நடை ஏட்டு இருந்த இடத்துல ஒரு செவப்புகூட இல்ல, கறுப்பு ரெண்டு.

"மூணா இருந்திருக்க வேண்டியது"ன்னார் தம்பி. யாரும் சிரிக்கல. அவரே கொஞ்சம் கழிச்சு, "பலகைக்கு ஒரு ஊசி குத்திருக்கா, அது செத்துப் போச்சு"ன்னார். அதுக்கு அக்கா சிரிச்சாங்க, சிரிக்கறப்பவே அழுதுட்டாங்க.

திங்கக்கிழமை அக்கா ஒரு பெரிய பையோட வந்தாங்க. உள்ள சர்டிஃபிகேட்டு, கடிகாரம். திருப்பிக் குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பையி டிக் டிக்குனு அடிக்குது. போலீஸ் தலைமை ஆபீஸுக்குள்ள, மேயர் வர்ற அன்னைக்கு, டிக் டிக்குனு அடிக்கற பையோட ஒரு பொம்பள மூணு மாடி ஏறிப் போறாங்க, ஒருத்தர் என்னன்னு கேக்கல!

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மேயர் வந்தாங்க. கமிஷனர் மேப்பத் திரும்பிப் பாக்காமயே பேச ஆரம்பிச்சார், அவ்ளோ மனப்பாடம். "மேடம், நான் இதுவரைக்கும் ரகசியமா வெச்சிருந்த இடத்த இன்னைக்கு உங்களுக்குக் காட்டறேன். இந்த நகரத்தோட ரத்தம் முழுக்க இந்த ஒரு கட்டத்துலதான்..."

டார்ச்ச அடிச்சார். செவப்பு வெளிச்சம் போய் வெறும் காகிதத்துல விழுந்துச்சு.

மூணு விநாடி. அக்கா மனசுக்குள்ள எண்ணினாங்க. நாலாவது விநாடி கமிஷனர் முகத்துல பல்பு எரிஞ்சுது.

"சுத்தம்! பாத்தீங்களா மேடம்? ஒண்ணுகூட இல்ல! எழுபத்திரண்டு பேர நிறுத்தித் தொடச்சு எடுத்துட்டோம்!"

மேயர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மேப்புக்குப் பக்கத்துல போனாங்க. கணக்கு டீச்சர் நோட்டத் திருத்த வர்ற நடை அது. "ஒண்ணுகூட இல்லாத இடத்துல எழுபத்திரண்டு பேர் எதுக்கு? சரி, இது என்ன, இவ்ளோ ஓட்டை?"

"கரையான் மேடம்"னார் சூப்ரண்டு.

"கரையான் ஒரு கட்டத்த மட்டும் கோடு தாண்டாம அரிக்குமா?"

"ஒழுக்கமான கரையான் மேடம்."

அக்கா முன்னால வந்தாங்க. ஆட்டம் காணற ஸ்டூல்ல பத்தொம்பது வருஷம் நிக்க முடிஞ்சவங்களுக்குக் கெட்டித் தரையில நிக்க முடியல.

"கரையான் இல்லம்மா. நான்தான். அந்தக் கட்டம் மைதானம் இல்ல, பெரிய ஆஸ்பத்திரி. தாக்கின இடத்த ஃபாரத்துலருந்து எடுக்கச் சொன்னது நான். அதுக்குப் பரிசு வாங்கினதும் நான். அப்புறம் மூணு வருஷமா தப்பான இடத்துல குத்தினதும் நான். நேத்து எல்லாத்தையும் பிடுங்கி சரியான எடத்துல..."

அந்த நேரம் பார்த்து மணி பத்து. பைக்குள்ளருந்து குருவி கீச்சுனு கத்துச்சு. அடுத்த நொடி கமிஷனரக் காணோம். மேஜைக்கு அடியில இருந்தார். குருவி பத்து தடவயும் கத்தி முடிக்கற வரைக்கும் வெளிய வரல.

மேயர் நகரவே இல்ல. "ஆள எடுத்த முக்கு லிஸ்ட வாசிங்க"ன்னாங்க.

சூப்ரண்டு வாசிச்சார். ஒவ்வொரு முக்குக்கும் அக்கா ஸ்கேலால தொட்டுக் காட்டினாங்க. இருபத்தோரு கறுப்புல பத்தொம்பது அந்த லிஸ்டுல இருந்துச்சு. மேயர் மனக்கணக்கு போடற மாதிரி உதட்ட அசைச்சாங்க. கணக்கு வந்துருச்சு போல, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. ரொம்ப நேரம் தொடைச்சாங்க.

"பாதியாக்கறேன்னு மேடைக்கு மேடை கத்தினேன். வாரா வாரம் எண்ணிக்கை எவ்ளோன்னு மட்டும் போன்ல கேட்டேன். எங்கன்னு ஒரு தடவ கேட்டிருந்தா..." முடிக்கல. மேஜைப் பக்கம் திரும்பினாங்க. "கமிஷனர், எந்திரிங்க. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள எழுபத்திரண்டு பேரும் அவங்கவங்க முக்குக்குத் திரும்பணும். நிக்கறதுக்கில்ல, நடக்கறதுக்கு. ஃபாரத்துல ரெண்டு காலமும் நாளையிலருந்து வேணும்."

அக்கா பைய நீட்டினாங்க. "இதயும் எடுத்துக்கோங்கம்மா."

சர்டிஃபிகேட்ட வாங்கி மேயர் சூப்ரண்டுகிட்ட குடுத்துட்டாங்க. கடிகாரத்தக் கமிஷனர் ரூம்ல மாட்டச் சொன்னாங்க. அது இன்னும் அங்கதான் இருக்கு. மணிக்கு மணி மனுஷன் சீட்டுலருந்து ஒரு அங்குலம் எழும்பி உக்கார்றார்னு பேச்சு.

அன்னைக்கு மத்தியானமே நடை ஏட்டு அஞ்சு முக்குல கால் வெச்சார். முதல் ரவுண்டுலயே பதினேழாவது பக்கத்துக்கு ஒரு போன். குத்திட்டு ஓடிப் போயிருந்தவன சாயங்காலத்துக்குள்ள அவங்கம்மாவே காதப் பிடிச்சு ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வந்துருச்சு. தம்பி சாவிக்கடை வாசல்ல புதுப் பலகை மாட்டியிருக்கார், போன தடவயவிட ரெண்டு மடங்கு தடிமன். வாட்ச்மேனுக்கு நாற்காலி திரும்பக் கிடைச்சுது. எழுபத்திரண்டு பேர் உக்காந்து மெத்தை தட்டையாயிருச்சுன்னு ஒரு வாரம் புலம்பினார்.

நாலு மாசம் கழிச்சு அக்காவுக்கு ஒரு மெமோ வந்துது. வேலை போகல, ஆனா அரசாங்கச் சொத்துக்குச் சேதம். மூணு கேள்வி, மூணுக்கும் எழுத்துல பதில் வேணும். சூப்ரண்டு, ரிட்டயர் ஆக இன்னும் நாலே வாரம் இருந்ததால, அந்தக் காகிதத்த ரெண்டு விரல்ல பிடிச்சுத் தூரத்துலருந்தே நீட்டினார். அக்கா பழைய டைப்ரைட்டர்ல தூசி தட்டி உக்காந்தாங்க. அன்னைக்கு வேற வேலையும் இல்ல. அந்த வாரம் ஒரு ஃபாரம்கூட வரல.

முதல் கேள்வி: நகர வரைபடத்தில் கட்டம் 143-இல் உள்ள ஓட்டைகளின் எண்ணிக்கை என்ன? நூத்தி ரெண்டுன்னு அடிச்சாங்க.

ரெண்டாவது: அவற்றுக்கு யார் பொறுப்பு? தன் பேர அடிச்சாங்க. அடிச்சதும் ஒரு தடவ வாய்விட்டு வாசிச்சுப் பாத்தாங்க, பழக்க தோஷம்.

மூணாவது: ஓட்டைகள் மேலும் அதிகரிக்காமல் இருக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?

அக்கா திரும்பி மேப்ப ஒரு தடவ பாத்தாங்க. அப்புறம் அடிச்சாங்க: "ஏட்டய்யா அஞ்சு முக்குல நடக்கறார்."